தகுந்த உடை

துறை அறையில் என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு சேலை இருக்கிறது. இளம்பிள்ளையில் வாங்கிய சாம்பல் நிறப் பருத்திச் சேலை, ஒல்லியான நீலக் கரை. நான் அதை ஒரு நாளும் உடுத்தியதில்லை. நேர்காணலுக்குப் போகும் மாணவிகளுக்கு இரவல் கொடுக்கவென்றே எட்டு வருடங்களுக்கு முன் வாங்கியது. கூடவே ஒரு உள்பாவாடை, ஒரு டப்பா நிறைய ஊக்குகள். ஜாக்கெட்டைத்தான் இரவல் தர முடிவதில்லை. அதை அவரவர் அளவுக்குத் தைத்தாக வேண்டும்.

இதை ஒரு நல்ல காரியம் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன்.

எங்கள் மாணவிகளில் பாதிப் பேர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேரின் அப்பா அம்மா மரவள்ளிக் காட்டிலோ கோழிப் பண்ணையிலோ வேலை செய்கிறவர்கள். படிப்பு முடிந்ததும் ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சுற்றியுள்ள தனியார் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும்தான் முதலில் விண்ணப்பிப்பார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் என்னிடம் வந்து கேட்பது இலக்கணத்தில் சந்தேகம் அல்ல.

"அம்மா, சுடிதார் போட்டுட்டுப் போலாங்களா?"

"வேண்டாம் கண்ணு. சேலை கட்டிட்டுப் போ."

பையன்கள் இதைக் கேட்பதில்லை. இருக்கிற பேண்ட் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்ணுக்கு மட்டும் நான் மேலும் சொல்வேன்: பளபளப்பு வேண்டாம். முந்தானையை மடித்து ஊக்குப் போடு. ஜாக்கெட்டின் பின்கழுத்து இறங்கக் கூடாது. பூ கொஞ்சமாக வை. வைக்காவிட்டாலும் ஒரு சொல் சொல்வார்கள், நிறைய வைத்தாலும் சொல்வார்கள். இந்தப் பட்டியல் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. இருபது வருடமாகப் பிறர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானாகச் சேர்த்துக்கொண்டது.

விதி என்று பார்த்தால் நிலைமை இவ்வளவு இறுக்கம் இல்லை. தமிழ்நாடு அரசு 2019இல் தன் ஊழியர்களுக்காக வெளியிட்ட ஆணை, பெண்கள் சேலையோ, சல்வார் கமீஸோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்கிறது. (துப்பட்டாவோடு எனக்குச் சண்டை உண்டு. அது வேறு கட்டுரை.) பக்கத்துக் கேரளத்தில், 2021 நவம்பரில், ஆசிரியர்கள் மீது சேலையைத் திணிக்கக் கூடாது என்று உயர்கல்வித் துறை சுற்றறிக்கையே அனுப்பியது. அப்போதைய அமைச்சர் ஆர். பிந்து, தான் கல்லூரியில் பாடம் நடத்திய நாட்களில் சுடிதார் அணிந்து போனதை வெளிப்படையாகச் சொன்னார். நம் பக்கத்துத் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் இன்னும் சேலைதான். சேலைதான் அடக்கம் என்பார்கள். அதே சேலையில் இடுப்புத் தெரிகிறது என்று அதன்மேல் ஓவர்கோட் மாட்டச் சொல்வதும் அவர்களேதான். சேலம் வெயிலில், மின்விசிறி ஓடாத வகுப்பில், சேலைக்கு மேல் கோட்டு. அடக்கமான உடை என்று சொல்லிவிட்டு அதையே மூடச் சொல்வதில் உள்ள முரணை யாரும் அங்கே பேசுவதில்லை.

தகுதி, தகுந்த, தகாத எல்லாம் ஒரே வேர்ச்சொல். படித்த தகுதியைச் சான்றிதழ் காட்டிவிடுகிறது. அதற்கு மேல் தகுந்த உடை எதைக் காட்ட வேண்டும்? உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு உன்னால் உறுத்தல் வராது என்பதைத்தான். நம் பக்கத்தில் இது அரசாணையாகவே இருந்திருக்கிறது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறைப்பது பிரச்சினையாக இல்லை, யாரைப் போல மறைப்பது என்பதே பிரச்சினை.

1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கும்படி சேலை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். மேல்சாதிப் பெண்கள் கட்டுவதைப் போலவே கட்டுங்கள், ஒட்டுப் போட்ட துணியானாலும் சுத்தமாக இருக்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பெரியாரோ பெண்கள் கூந்தலை வெட்டிக்கொள்ளவும் ஆண்களைப் போல உடுத்தவும் சொன்னார். ஒருவர் மறுக்கப்பட்ட உடையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், இன்னொருவர் சுமத்தப்பட்டதைக் கழற்றிப் போடச் சொல்கிறார். பீரோவைத் திறந்து சேலையை எடுக்கும்போதெல்லாம் நான் அம்பேத்கர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்வேன். முதலில் உள்ளே போகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆனால் மகாடில் அந்தப் பெண்கள் தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததை உடுத்தினார்கள். என் மாணவி தனக்கு விதிக்கப்பட்டதை உடுத்துகிறாள். இரண்டையும் ஒன்றாக்கி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமாதானம் கெட்டது நான்கு வருடங்களுக்கு முன்.

ஒரு தனியார் கல்லூரி, தமிழ் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் பாட வல்லுநராக என்னை அழைத்திருந்தது. மூன்று பேர் குழு. ஆளுக்கொரு தாள். பாட அறிவு, கற்பிக்கும் திறன் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'தோற்றமும் ஆளுமையும்', பத்து மதிப்பெண். ஒரு பெண் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சேலை முழுக்கக் கசங்கல், கொசுவம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பாலைத் திணை பற்றிக் கேட்டேன். பிரிவு ஏன் நிலமாக ஆகிறது என்று புத்தகம் இல்லாமல், பதற்றம் இல்லாமல் பத்து நிமிடம் பேசினாள். அந்த விளக்கத்தை இப்போது என் வகுப்பில் நான் சொல்கிறேன். கடைசிக் கட்டத்தில் அவளுக்கு நான்கு போட்டேன். அடுத்து வந்தவள் காரில் வந்தவள், மடிப்புக் கலையாத சேலை. ஒன்பது.

யாரும் என்னை அப்படிப் போடச் சொல்லவில்லை. மற்ற இருவரும் ஆண்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே எண்தான் போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தபோது முதல் பெண் மூன்று மதிப்பெண்ணில் வேலையை இழந்திருந்தாள். என் தாளில் மட்டும் வித்தியாசம் ஐந்து.

ஏன் நான்கு? கொஞ்சம் கவனமாக வந்திருக்கலாமே என்று தோன்றியது. என் மாணவிகள் இப்படி வரமாட்டார்கள் என்றும் தோன்றியது. தப்பு என்று நானே மேடையில் பேசுகிற ஒரு விதியை, ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொடுத்து, அதை மீறியவள் கண் முன்னே வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஆசிரியர் சுத்தமாக இருப்பது மாணவருக்குத் தரும் மரியாதை என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். அவள் சேலை அழுக்காக இல்லை. கசங்கியிருந்தது. கசங்காமல் வர வேண்டுமானால் கார் வேண்டும், இல்லை பக்கத்தில் வீடு வேண்டும்.

மறு வருடம் அதே கல்லூரி அழைத்தது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமே என்று தாளாளரிடம் கேட்டேன். "டீச்சருன்னா பாத்தவுடனே ஒரு மதிப்பு வரணுங்களே மேடம்" என்றார். வாதிடவில்லை. வந்த பதினோரு பேருக்கும் அதில் பத்துக்குப் பத்து போட்டேன்.

இது நேர்மையா என்று இன்றும் எனக்குள் கேள்வி இருக்கிறது. நம்பாத எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தாளையே செல்லாது என்றிருப்பார்கள், பாடத்துக்கு நான் போட்ட மதிப்பெண்ணும் சேர்ந்து போயிருக்கும். அலுவலகத்திலிருந்து ஒருவர் தாளை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தார்.

"மேடம், எல்லாருக்கும் பத்து விழுந்திருக்குது. தப்பா போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க, சரியாத்தான் போட்டிருக்கேன்."

அதன் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. என் நாற்காலியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

மாணவிகளிடம் பதிலை மாற்றியிருக்கிறேன். "சேலை கட்டு" என்று சொல்வதில்லை. அங்கே எதைப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன், அதைப் பார்ப்பது தப்பு என்றும் சொல்கிறேன், ஒரு முறை நானே அப்படிப் பார்த்ததையும் சொல்கிறேன். போன வாரம் ஜலகண்டாபுரத்துப் பெண் ஒருத்தி முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அதெல்லாம் சரிங்கம்மா. எனக்கு இந்த வேலை வேணும். சேலையக் குடுங்க."

கொடுத்தேன். ஊக்கு டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.