தந்தை விட்டுச்சென்ற எந்திரம்

தந்தை மறைந்தார், வீட்டின் பின்கட்டில் அவருடைய கடைசல் எந்திரம் நிற்கிறது. பட்டறைக்காரர் நாவில் அது லேத். "அவர் கைபட்ட பொருள், ஒரு திருகைக்கூட மாற்றாதே" என்கிறார் ஒருவர். "பழைய இரும்புதானே, எடைக்குப் போட்டுவிடு" என்கிறார் மற்றொருவர். முன்னவர் பேச்சில் பாசம் இருக்கிறது. பின்னவர் பேச்சில் கணக்கு இருக்கிறது. இருவர் பேச்சிலும் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் சோதனை! வழிவழி வந்த பொருளுக்கு வாரிசு செலுத்தவேண்டிய கடன் யாது? இதுவே நம்முன் நிற்கும் கேள்வி.

எந்திரத்தையே கேட்போம், அது முகமன் பேசாது. உருளைக் கம்பியொன்றைச் சக்கில் பிடித்து, மெல்லக் கடைந்து, இரு முனைகளின் குறுக்களவையும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்போம். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருந்தால் எங்கோ கோளாறு. ஆண்டுக்கணக்கில் சிறு துண்டுகளையே கடைந்ததால், சக்கை அடுத்த இடத்தில் பெட் தேய்ந்திருக்கலாம். அல்லது, தரை சமமாக இல்லாததால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பின்னதாயின், காலடியில் மெல்லிய தகடு செருகிச் சமன் செய்தால் கோளாறு அகலும். குறை எந்திரத்தில் அன்று, அது நின்ற தரையில்! சோதிக்காமல் போற்றுவது மட்டுமா மடமை? சோதிக்காமல் தூற்றுவதும் மடமையே.

பழைய லேத்துகள் பலவற்றில் மரை வெட்ட உதவும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் அமைந்தது. இந்தியாவோ 1956-இல் சட்டமியற்றி மெட்ரிக் முறையை ஏற்றது. அதனால் அந்த எந்திரம் செல்லாக்காசா? இல்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், 5 அங்குலம் 127 மில்லிமீட்டர். எனவே 127 பற்கள் கொண்ட பல்சக்கரத்தைத் தக்க பிற சக்கரங்களோடு இணைத்தால், அங்குல எந்திரம் மில்லிமீட்டர் மரையை வெட்டுகிறது. பாட்டன் அளவுக்கும் பேரன் அளவுக்கும் பாலம் அமைத்தது எது? பக்தி அன்று, கணக்கு!

எந்திரம் வந்ததுபோல் தந்தையின் திறமையும் மகனுக்கு வந்துவிடுமா? ஹென்றி மாட்ஸ்லியை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் வுல்விச் படைக்கலச் சாலையில், 12 வயதில், தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தவர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெட்டுளியை இரும்புத் தாங்கியில் பொருத்தி லீட் ஸ்க்ரூவால் நகர்த்தும் மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியவர் அவரே. அவரை உயர்த்தியது பிறப்பா? பயிற்சி! எஃகு, 'நீ எவர் மகன்?' என்று கேட்பதில்லை, 'கற்றாயா?' என்றுதான் கேட்கிறது.

இனி, இவை எல்லாவற்றினும் பெரிய கேள்வி. பழைய லேத்துகள் பலவற்றில் பெல்ட்டுக்கு மூடி இல்லை. சக்குக்குக் காப்பு இல்லை. இடர் நேர்ந்தால் உடனே நிறுத்தும் பொத்தானும் இல்லை. "அப்பா காலமெல்லாம் இப்படித்தான் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை" என்கிறான் மகன். சொல்லிவிட்டு, உதவிக்கு வந்த இளைஞனை அதன்முன் நிறுத்துகிறான்! தந்தைக்கு நேராத விபத்து பிறருக்கும் நேராது என்பதற்கு என்ன உறுதி? தொங்கும் சட்டைக்கையையோ கையுறையையோ சுழலும் சக் கவ்வினால், கையையும் சேர்த்தே இழுக்கும். சக்கில் மறந்து விடப்பட்ட சாவி, மோட்டார் ஓடியதும் தெறித்துப் பாயும். மரபைப் பேணும் பெருமை மகனுக்கு. பணயமாகும் விரல்களோ வேறொருவனுக்கு! இது எந்த நீதி?

தோழர்களே, பெல்ட்டுக்கு மூடி போடுவது தந்தைக்கு இழுக்கு ஆகாது. தேய்ந்ததைச் செப்பனிடுவது நன்றிகேடும் ஆகாது. முன்னோர் தந்ததை அளந்து பார்த்து, குறை களைந்து, கற்க வருபவன் கை கெடாமல் அவனிடம் ஒப்படைப்பதே வாரிசின் கடன். அளக்க அஞ்சுகிறவன் வாரிசு அல்லன், வெறும் காவற்காரன்!