பூனையின் நீர்க்கடுப்பும் மனிதனின் கடமையும்

ஜீவகாருண்யம் என்னும் சொல் நம்மவர் நாவில் எளிதாக வழங்குவது. அதன் பெயரால் மன்றங்கள் கண்டோம், விழாக்கள் எடுத்தோம், அன்னமும் இட்டோம். நன்று. ஆயின், நம் வீட்டில் வளரும் ஒரு பூனை ஆண்டுக்கு இருமுறை மும்முறை நீர்க்கடுப்பால் வருந்துமாயின், நம் காருண்யம் எத்துணை நாள் நிற்கிறது? முதன்முறை இரங்குகிறோம், இரண்டாம் முறை சலிக்கிறோம், மூன்றாம் முறை அதனைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டு வருவோரும் உளர். நோய் திரும்பத் திரும்ப வரும்போது கடமை முடிந்துவிடுகிறதா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

இந்நோய் ஏன் திரும்ப வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தலைவிதி என்பார் சிலர். கண்ணேறு என்று கயிறு கட்டுவார் சிலர். உண்மை வேறு. வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். அவை குடிநீரை மிகுதியும் நாடாது, இரையின் உடலிலுள்ள நீரைக் கொண்டே வாழ்ந்தவை; ஆதலின் பூனைக்குத் தாகம் குறைவு; சிறுநீர் செறிவு மிக்கது. எலியின் உடலில் நூற்றுக்கு எழுபது பங்கு நீர். கடையில் விற்கும் உலர் தீனியிலோ பத்துப் பங்களவே.

தோட்டத்து லயங்களில் நம்மவர் வாழ்ந்த நாளில் பூனை எலி பிடித்துத் தின்றது, எங்கும் திரிந்தது, அஞ்சினால் ஓடி ஒளிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மனைகளாயின. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பூனையும் உடன் பெயர்ந்தது. இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் எத்தனையோ பூனைகள் அடைத்த கதவுக்குள் வாழ்கின்றன. ஒரு கிண்ணம் உலர் தீனி, ஒரு மூலையில் மணல் தட்டு, ஓயாத வானொலி, பிள்ளைகளின் கூச்சல்: இதுவே அதன் உலகம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் இந்நோய் கண்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை என்று மருத்துவ நூலார் கூறுவர். அச்சமும் அலைக்கழிவும் சிறுநீர்ப்பையைப் புண்படுத்துகின்றன. அமெரிக்க நாட்டு ஒஹாயோவில் பபிங்டன் என்னும் மருத்துவ அறிஞரும் தோழரும் இத்தகைய 46 பூனைகளின் வாழ்க்கைச் சூழலைச் சீர்ப்படுத்திப் பத்துத் திங்கள் கவனித்து, நோய்க்குறிகள் பெரிதும் குறைந்தன என்று 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதன் பொருள் யாது? இந்நோயின் ஒரு பங்கு பூனையின் உடலில் உள்ளது. மற்றொரு பங்கு நாம் அதற்கு அமைத்துத் தந்த வாழ்வில் உள்ளது.

“மனிதர் பசித்திருக்கப் பூனைக்கு வைத்தியமா?” என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதே, கூலிக்கு உழைத்து மாதக் கடைசியைக் கடக்கும் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு சிறு சுமையன்று. ஆயின், ஒரு கடனைக் காட்டி மற்றொரு கடனைத் தள்ளுதல் முறையாகுமா? தானே இரை தேடவும், ஒதுங்கி வாழவும் வல்ல உயிரை நாமே கதவடைத்து வைத்தோம். கதவை அடைத்த கையே அதன் பொறுப்பையும் ஏற்றது.

அப்பொறுப்பின் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டுவதில்லை, ஒழுங்கு வேண்டும். தீனியை நீரில் ஊறவைத்துத் தரலாம். நீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையினும் ஒன்று கூடுதலாக இருத்தல் நலம். நாள்தோறும் அவற்றைத் துப்புரவு செய்தல் வேண்டும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி அமர ஓர் உயர்ந்த பலகை, சிறிது விளையாட்டு, சிறிது அமைதி: இவை ஏழைக்கும் இயலும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. ஆண் பூனையின் நீர்த்தாரை மிகக் குறுகியது. அது தட்டில் அமர்ந்து முக்கியும் ஒரு துளி நீர் வராதாயின், மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டி நாளைக் கடத்தலாகாது. நஞ்சு இரத்தத்தில் ஏறி, நெஞ்சம் நின்று, இரண்டு மூன்று நாளில் உயிர் பிரியும். மனிதர் உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதே வழி.

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் உயிரை நோயினின்றும் வேதனையினின்றும் காத்தலை உடையவர் கடமையாக்கியது; கொடுமை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டுச் சிறையும் விதிக்க இடமளித்தது. ஆயினும் கழுவாத தட்டையும் வற்றிய கிண்ணத்தையும் எந்தச் சட்டம் வந்து பார்க்கும்?

இறுதியாக ஒரு கசப்பான உண்மை. எத்துணை பேணினும் சில பூனைகளுக்கு வேதனை தீர்வதில்லை. சில வேளை கைப்பொருளும் தீர்ந்துபோகிறது. அப்பொழுது வைத்தியர் கையால் நோவின்றி உயிர் நீக்க நம்மவர் அஞ்சுகின்றனர். கொல்லாமை நம் நெறி என்கின்றனர். அதே கையால் நீர் அடைபட்ட பூனையைத் தெருவில் விடுகின்றனர். அது சாக்கடை ஓரத்தில் இரண்டு நாள் துடித்துச் சாகிறது. “நாம் கொல்லவில்லை” என்று நெஞ்சம் ஆறுகிறது. இது கொல்லாமையா? அன்று; நம் கண்ணுக்கு மறைவாகக் கொல்லுதலேயாம். அதனினும், அருகிருந்து தடவிக்கொடுத்து அதன் வேதனையை முடித்து வைத்தல் அறத்துக்கு அணித்து என்பது நம் துணிபு.

ஒருநாள் பொங்கி மறுநாள் அடங்கும் இரக்கம் உணர்ச்சியேயன்றி அறமாகாது. நோய் எத்தனை முறை திரும்பினும் கடமையும் அத்தனை முறை திரும்புதல் வேண்டும். வாய் பேசா உயிரை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.