எண் ஒன்று பிள்ளையின் விதியாகுமா?

இயந்திரத்தின் உதவியோடு மூச்சுவிடும் ஒரு பிள்ளையின் பெற்றோரிடம், இரத்தப் பரிசோதனையிற் கண்ட ஓர் எண்ணைக் காட்டி, "இப்படியான பிள்ளைகளுள் பலர் பிழைப்பதில்லை" என்று வைத்தியர் சொல்லலாமா? சொன்னால் பெற்றோர் அதை எப்படி ஏற்பது?

செப்சிஸ் எனப்படும் கடுந்தொற்றிலே, கிருமியை எதிர்க்க எழுந்த உடலே தன் உறுப்புகளைக் காயப்படுத்துகின்றது. சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகளில் நீர் கசிந்து நிறைய, ஒட்சிசன் குருதியிற் சேர வழியில்லாமற் போகின்றது. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 29 இலட்சம் பிள்ளைகள் செப்சிஸ் தொடர்பாக இறந்தனரென மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்நிலையில் ஆய்வாளர் மொனோசைற் என்னும் வெண்குருதிக் கலத்தைப் பார்க்கின்றனர். அதன் மேற்பரப்பில் எச்.எல்.ஏ.-டி.ஆர். என்றொரு புரதம் உண்டு. பிடித்த கிருமியின் துண்டை மற்றக் காவற் கலங்களுக்கு ஏந்திக் காட்டும் தட்டு அது எனலாம். நூற்றுக்கு 30க்கும் குறைந்த மொனோசைற்றுகளே அத்தட்டை ஏந்தி நின்றால், எதிர்ப்புச் சக்தி முடங்கிவிட்டதெனப் பல ஆய்வுகள் கொண்டன. அம்முடக்கம் நாட்கணக்காக நீடித்த பிள்ளைகளிடையே புதிய தொற்றும் மரணமும் கூடுதலாயிருந்தன. இப்பரிசோதனை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே நிற்கின்றது.

'கூடுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நூறு பிள்ளைகளைப் பற்றி அந்த எண் சொல்வது உண்மையே. அந்த நூற்றில் உங்கள் பிள்ளை எது என்று அது சொல்லாது. "எண் தாழ்ந்துவிட்டது, இனி வீண் முயற்சி ஏன்" என்று கவனிப்பைத் தளர்த்தினால் பிள்ளை இறக்கும். கணக்குச் சரிவந்ததென்று ஏட்டிலும் பதியப்படும். சரிவரச் செய்தது யார்?

மறைப்பதும் நன்றன்று. "தாய் தாங்கமாட்டா, சொல்லிப்போடாதேயுங்கோ டொக்ரர்" என்று மாமன்மார் குறுக்கே நிற்பது எம்மவரிடையே வழக்கம். அன்பினாற்றான் செய்கிறார்கள். ஆனால் நிலைமை அறியாத தாய் எதற்குச் சம்மதம் கொடுக்கிறாள்?

சிகிச்சையை எதுவரை தொடர்வது என்பது அடுத்த கேள்வி. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24இல் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், உயிர்காக்கும் சாதாரண வழிகளைக் கைக்கொள்ளக் கடமையுண்டு, மிதமிஞ்சிய சுமையாகும் வழிகளுக்கு அக்கடமையில்லை என்று விளக்கினார். எது சாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. அங்கே நிறுக்கப்படுவது சிகிச்சையின் சுமையும் பயனும். பிள்ளையின் பெறுமதியை எவரும் தராசில் வைக்கவில்லை. ஆய்வுகூட எண் அந்த நிறுவைக்கு ஓரளவு உதவலாம், அவ்வளவே.

2011இல் வெளியான ஓர் ஐக்கிய அமெரிக்க ஆய்விலே, பல உறுப்புகள் செயலிழந்து எதிர்ப்புச் சக்தியும் முடங்கிய சில பிள்ளைகளுக்கு, வெண்குருதிக் கலங்களைத் தூண்டும் மருந்து கொடுக்கப்பட்டது, அச்சக்தி மீண்டது. சிறிய ஆய்வு, அம்மருந்து உயிரைக் காக்குமென்று அதைக்கொண்டு நிறுவமுடியாது. ஆயினும் தாழ்ந்த எண்ணைக் கண்டவர்கள் கையை எடுத்துவிடாமல், எங்கே உதவலாமென்று தேடினார்கள்.

ஆகவே இப்படியொரு எண் உங்கள் முன் வைக்கப்பட்டால் கேளுங்கள்: இது எந்த நாள் எடுத்தது? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? இதைக்கொண்டு பிள்ளைக்கு இனி என்ன செய்யப்போகிறீர்கள்?