மஞ்சள் எத்தனை வினாடி?

சம்மன் அப்பா பெயருக்குத்தான் வந்தது. காடி அவர் பெயரில் இருக்கிறது. பள்ளி வேன் ஓட்டுகிற மனிதர். இத்தனை வருடத்தில் ஒரு சம்மன்கூட வாங்கியதில்லை. கடிதத்தைப் பிரித்து, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது நம்ம சாகாதானே?" என்றார். நம்ம சாகாதான். ஓட்டியது நான்.

படம் பின்னாலிருந்து எடுத்தது. என் முகம் அதில் இல்லை, நம்பர் பிளேட்தான் இருந்தது. முதல் படத்தில் காடி வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மேலே சிவப்பு. இரண்டாவதில் சந்திப்பின் நடுவே. நான் மஞ்சளில் போனதாகத்தான் ஞாபகம்.

"நான்தான் ஓட்டுனேன்னு எழுதிடுவோம் லா. உனக்கு எதுக்குப் புள்ளி?" என்றார் அப்பா. சிவப்பு விளக்கை மீறினால் கெஜாராவில் 4 புள்ளி. வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு லைசென்ஸ் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். ஓட்டியது யார் என்று காடியின் உரிமையாளரைக் கேட்க 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 115ஆம் பிரிவு இருக்கிறது. கேமராவுக்கு முகம் தெரியாததால், மகனைக் காட்டிக் கொடு என்று அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 'காட்டிக் கொடுப்பது' என்ற சொல்லே தப்போ என்று பிறகு தோன்றியது.

இந்தக் கேமராக்கள் 2012 செப்டம்பரில் ஏ.இ.எஸ். என்ற பெயரில், 14 இடங்களில் வந்தன. நான் அப்போது மூன்றாம் படிவம். இரண்டு தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன, சம்மனுக்குச் சம்மன் காசு என்று மாமாக் கடை முழுக்கப் பேச்சு. அந்த டிசம்பரிலேயே சட்டத்துறைத் தலைவர் வழக்குகளை நிறுத்தி வைத்தார். 2017 ஏப்ரலில் புள்ளி முறையும் சேர்ந்து 'அவாஸ்' என்று திரும்பி வந்தது. காசு யாருக்குப் போகிறது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது வேறு கேள்வி: மன்னிக்கத் தெரியாத ஒன்று தண்டிக்கலாமா?

சட்டென்று 'கூடாது' என்று சொல்லத்தான் வாய் வருகிறது. மனிதன் பார்த்தால் சூழ்நிலையைப் பார்ப்பான் என்கிறோம். சரி, மனிதர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள்? பல்கலைக்கழக நாட்களில் ஓர் இரவு, ரோட் ப்ளாக்கில் எங்களுக்கு முன்னால் போன இரண்டு மோட்டாரையும் விட்டுவிட்டு எங்களை மட்டும் ஓரங்கட்டினார்கள். ஐ.சி., ரோட் டேக்ஸ், பை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதுவும் கிடைக்கவில்லை. அப்புறமும் நின்றுகொண்டே இருந்தோம், கோப்பி காசு பேச்சு வரும்வரை. இன்னொரு முறை கொட்டுகிற மழையில் நிஜமாகவே சிவப்பைத் தாண்டிவிட்டேன். பிடித்தவர் என்னைப் பார்த்தார், நனைந்த புத்தகப் பையைப் பார்த்தார், "போ, மெதுவா போ" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டும் ஒரே அதிகாரம். மன்னிக்கத் தெரிந்தவருக்கு ஆள் பார்க்கவும் தெரிகிறது. கேமரா என் தோலைப் பார்ப்பதில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு, மறைக்கவில்லை.

அப்படியானால் முடிவு செய்கிற ஆளே இல்லையா என்றால், இருக்கிறார். வேறு இடத்தில் இருக்கிறார்.

இது எனக்கு வேலையில் பழகிய விஷயம். பாயான் லெப்பாஸில் சர்க்யூட் போர்டுகளைக் கேமரா வைத்துச் சோதிக்கிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஈயப்பற்று எவ்வளவு குறைந்தால் போர்டைத் தள்ளலாம் என்ற எண்ணை நான்தான் போடுகிறேன். கொஞ்சம் இறுக்கினால் நல்ல போர்டெல்லாம் குப்பைப் பக்கம் போகும். லைனில் இருக்கும் அக்கா சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் 'ஓகே' அமுக்க ஆரம்பித்துவிடுவார். தளர்த்தினால் கெட்டது வெளியே போய்விடும். 'மெஷின் ரிஜெக்ட் பண்ணிடுச்சு' என்று எல்லாரும் சொல்வார்கள். பண்ணியது மெஷின் இல்லை, போன செவ்வாய்க்கிழமை நான் போட்ட எண்.

சாலையில் அந்த எண், மஞ்சள் விளக்கு எரியும் நேரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறீர்கள். மஞ்சளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக 1 வினாடி. அதற்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருப்பீர்கள். பிறகு பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழாத அளவுக்குப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 46 மீட்டர். ஆக 63. மஞ்சள் 3 வினாடிதான் என்றால், அதற்குள் ஓட்டிக் கடக்கக்கூடிய தூரம் 50 மீட்டர். கோட்டிலிருந்து 50க்கும் 63க்கும் நடுவில் மாட்டியவர் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தொடவும் முடியாது. அந்த 13 மீட்டரில் நல்லவன் கெட்டவன் கிடையாது. மஞ்சளை முக்கால் வினாடி கூட்டினால் அந்தப் பொறி மறைந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் காசிஸ், ஹெர்மன், மரதுதீன் மூவரும் இதை 1960இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள்.

இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டவரும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம். 2013இல் மனைவிக்கு சிவப்பு விளக்குக் கேமரா சம்மன் வந்ததும் சூத்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தார். நேராகப் போகிறவருக்குப் போட்ட கணக்கு, வேகத்தைக் குறைத்துத் திரும்புகிறவருக்குப் போதாது என்றார். 'உரிமம் இல்லாமல் பொறியியல் பேசுகிறாய்' என்று மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது! 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் வழிகாட்டியையே திருத்தியது. மரதுதீனும் அவருக்கு ஆதரவாகத்தான் எழுதினார். எனக்கு இதில் உறுத்துவது அந்த 500 டாலர். தெருவில் போலீஸ்காரரிடம் 'ஏன்?' என்று கேட்கலாம், குறைந்தபட்சம் முறைப்பாவது கிடைக்கும். எண் போட்டவரிடம் கேட்டால் 'நீ யார் கேட்க?' என்கிறார்கள். முகத்தைப் பார்த்து மன்னிக்கிற வழியை அடைத்தாகிவிட்டது. அப்படியானால் அந்த எண்ணாவது பலகையில் எழுதி மாட்டியிருக்க வேண்டாமா? சம்மனில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, மஞ்சள் எத்தனை வினாடி என்று இல்லை.

அதனால் அடுத்த ஞாயிறு நானே போய் அளந்தேன். சந்திப்புக்கு எதிரே கைப்பேசியை வைத்து வீடியோ எடுத்து, வீட்டுக்கு வந்து ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினேன். வினாடிக்கு 30 ஃபிரேம். யார்ல்ஸ்ட்ரோம் மாதிரி நானும் ஏதோ பெரிய கடிதம் எழுதப் போகிறேன் என்ற நினைப்பு வேறு. பத்து முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் 4 வினாடி, ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னே பின்னே.

4 வினாடி தாராளம். நான் 60இல் வந்திருந்தால்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பாரத்தை எடுத்து வைத்தேன். அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுக்கோ" என்றார். வாங்கி, ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரும் ஐ.சி. எண்ணும் எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மறுபடி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பம்பர்ல கீறல் இருக்கே. இது எப்ப ஆச்சு?"