திருத்துழாய் மணமும் உடலின் நோவும்

ஸ்ரீ:

ஸ்ரீமத் பாகவதம் மூன்றாம் ஸ்கந்தம், பதினைந்தாம் அத்தியாயத்தில் வரும் வரலாறு இது. ஸனகாதி முனிவர் நால்வரும் ஸ்ரீவைகுண்டத்தின் ஏழாம் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். சினம் மேலிட்டு, காவல் நின்ற ஜய விஜயர்களைச் சபித்தனர். அவ்வமயம் எம்பெருமான் பிராட்டியோடு தானே நடந்து எழுந்தருளினான். முனிவர்கள் பணிந்தபோது, அவன் திருவடியில் சாத்தியிருந்த திருத்துழாயின் மணத்தை ஏந்தி வந்த காற்று அவர்களது மூக்கின் வழியே உள்ளே புகுந்தது. பிரம்மத்தையே நினைந்து வேறெதிலும் பற்றின்றி இருந்த அந்த ஞானிகளின் உள்ளமும் உடலும் ஒருசேர நெகிழ்ந்தன.

சினம் கொண்ட நெஞ்சையும் ஒரு மணம் தொடவல்லது என்பது கவி வழக்கு மட்டுமோ? உடற்கூறு அறிந்தோர் கூறுவதையும் கேட்கலாம். காட்சி, ஒலி, தொடு உணர்வு ஆகியவற்றின் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் வாயிலில் நின்றே உட்செல்கின்றன. மணத்திற்கு மட்டும் அந்த வாயிற்காவல் இல்லை. மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் அதனைப் பற்றி முகர்வுக் குமிழுக்கு அனுப்ப, அங்கிருந்து அச்சமும் நினைவும் பிறக்கும் இடங்களுக்கு அது நேரே சென்று சேர்கிறது. மணத்தைப் பற்றும் அணுவாயில்களின் மரபுக்கூறுகளை 1991இல் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

நோவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், லினலூல் என்னும் மணப்பொருளை எலிகள் முகருமாறு செய்தனர். அவற்றுக்கு நோவு குறைந்தது. முகரும் ஆற்றல் நீக்கப்பட்ட எலிகளுக்கோ அப்பயன் கிட்டவில்லை. ஆகவே மணப்பொருள் உடலில் கலந்து மருந்தாகச் செயற்பட்டது என்று கொள்ள இடமில்லை. மணம் என்ற உணர்வே மூளையில் வேலை செய்தது. மூளையின் அடித்தளமாகிய ஹைப்போதலாமஸில் ஒரெக்சின் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. அவை இல்லாத எலிகளுக்கும் நோவு தணியவில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்திற்குக் கட்டளை இறங்கி, மேலேறி வரும் நோவுச் செய்தியை அடக்கும் வழியும் நம் உடலில் அமைந்துள்ளது.

லினலூல் லாவண்டர் மலரில் உண்டு; மல்லிகையிலும் கொத்தமல்லி விதையிலும் உண்டு. துளசியின் மணத்திற்கு முதன்மையான காரணம் யூஜினால்; கிராம்பில் இருப்பதும் அதுவே. ஆதலால் எலிகளிடம் கண்டதை அப்படியே துளசிக்கு ஏற்றிக் கூறுவது மிகை. எம்பெருமானின் திருத்துழாய்க்கு அத்தகைய விளம்பரம் வேண்டுவதும் இல்லை! முழங்கால் நோவோடு உற்சவத்திற்கு வந்து நிற்கும் மூதாட்டி, துளசியை முகர்ந்து சற்றே ஆறுதல் பெறலாம். மருத்துவர் தந்த மாத்திரையை அதன்பொருட்டு விட்டுவிடலாகாது.

இங்கே ஓர் ஐயம் எழும். 2020 முதல் பரவிய கொரோனா நோயால் முகரும் ஆற்றலை இழந்தோர் பலர். சிலருக்கு அது நெடுநாள் திரும்பவில்லை. சந்நிதியில் கையில் விழும் துளசி அவர்களுக்கு வெறும் இலைதானா?

திருமலையில் புஷ்ப கைங்கரியம் செய்த அனந்தாழ்வானின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. குளிர் மிகுந்த அம்மலைக்குச் செல்வார் யார் என்று எம்பெருமானார் வினவியபோது முன்வந்தவர் அவர். பெருமாளுக்கென்று பறிக்கும் மலரைச் சாத்துமுன் முகர்வது அபசாரம். ஆகவே நாளெல்லாம் நந்தவனத்தில் இருந்தும் அந்த மணத்தைத் தமக்கென்று கொள்ளாதவர் அவர். ஒருநாள் மலர் பறிக்கையில் அவரைப் பாம்பு தீண்டிற்று. விஷம் இறக்கிக்கொள்ளுமாறு பிறர் பதறினர். அவரோ, கடித்த பாம்பு வலிதாயின் விரஜை நதியில் நீராடி ஸ்ரீவைகுண்டநாதனைத் தொழுவதாகவும், கடியுண்ட பாம்பு வலிதாயின் திருக்கோனேரியில் நீராடித் திருவேங்கடமுடையானைத் தொழுவதாகவும் கூறினார். கடியுண்ட பாம்பு என்று அவர் சொன்னது தம்மையே.

அன்று அவர் நீராடியது திருக்கோனேரியில். பறித்த மலர்களை மாலையாக்கிச் சந்நிதிக்கு எடுத்துச் சென்றார்.