தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. பழசை அசைபோடும், நாளையைக் கற்பனை செய்யும். அப்போது சேர்ந்து இயங்கும் பகுதிகளுக்கு மார்கஸ் ரெய்க்லே குழுவினர் 2001இல் வைத்த பெயர் 'டிஃபால்ட் மோட்'. அல்சைமரில் ஆரம்பத்திலேயே தளர்வது இந்த வலைப்பின்னல்தான். மறதி வெளியே தெரியும் முன்பே ஸ்கேனில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன.

சரி, கண்டுபிடித்துவிட்டோம். அப்புறம்? நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் முழு மரபணுத் தொகுதி 2007இல் வெளியானது. அல்சைமர் ஆபத்தைக் காட்டும் ஏபிஓஈ மரபணுவை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார் அவர். அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது.

இதைக் கோழைத்தனம் என்று எனக்குத் தோணல. தீர்க்க முடியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு இருக்கிற நாட்களையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஆனால் இந்த நோயின் பாரம் நோயாளியோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் தலையில்தான் விழுகிறது. தெரிந்துகொள்ளாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. எந்த ஏற்பாடும் செய்யாமல் இருக்க உண்டா?

ஏற்பாட்டுக்கு ஸ்கேன் தேவையில்லை. முடிவெடுக்கும் திறனை இழந்தால் நமக்காக யார் முடிவெடுப்பது என்று 21 வயதிலேயே எழுதிவைக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பெயர் யாருடையது என்று இப்போதே யோசிக்கலாமே.