தன்னைத் தான் புகழ்தல் தகுமா?

பணியில் உயர விரும்பும் இளைஞர்களுக்கு இன்று எங்கும் ஓர் அறிவுரை கூறப்படுகிறது. நன்றாக வேலை செய்தால் மட்டும் போதாது. உன் பெயரையே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அது. சோப்புக்கும் காலணிக்கும் வணிகப் பெயர் இருப்பதைப் போல மனிதனுக்கும் ஒன்று வேண்டும் என்னும் இக்கருத்தைப் பரவச் செய்தவர் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ். 1997ஆம் ஆண்டில் 'பாஸ்ட் கம்பெனி' என்னும் இதழில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவரும் தம்மை ஒரு நிறுவனமாகவும், தம்மையே அதன் தலைவராகவும் கருத வேண்டும் என்று அவர் வாதிட்டார். 2003இல் லிங்க்ட்இன் இணையதளம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர்த் தம் தகுதிகளைத் தாமே நாள்தோறும் பறைசாற்றுதல் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

அடக்கத்தைப் பெருமையாகக் கற்று வளர்ந்த நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இஃது ஓர் இக்கட்டை உண்டாக்குகிறது. தம்மைப் பற்றிப் பேசினால் மானம் எனப்படும் செருக்குத் தலைதூக்குமோ என்று அஞ்சுகின்றனர். பேசாதிருந்தாலோ அவர்களுடைய உழைப்பின் பயனைப் பேசத் தெரிந்தவர் கொண்டு செல்கின்றார். இவ்விரண்டில் எதைக் கொள்வது?

இவ்வினாவை நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் இதற்கு விடை உள்ளது. எத்துணை அரிய நூலைச் செய்து முடித்தவனாயினும் அவன் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது அம்முனிவர் கூறும் பொது விதி. ஆயினும் அதற்கு நான்கு விலக்குகளையும் அவரே வகுக்கிறார். அரசனது அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறலாம்.

இந்நான்கையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நான்கிடத்தும் கேட்பவர் ஒரு முடிவுக்கு வரவேண்டியவராக இருக்கிறார். அம்முடிவுக்குத் தேவையான செய்தியோ அவரிடம் இல்லை, அல்லது திரித்துக் கூறப்பட்டிருக்கிறது. அந்நிலையில் வாய்மூடி இருப்பது அடக்கமாகாது. அவரைத் தவறான முடிவுக்கு விடுவதேயாகும். ஆகவே, வேலைக்கு விண்ணப்பிப்பவன் தான் செய்தவற்றை ஒளிக்காமல் எழுதலாம். நேர்முகத் தேர்வில் தன் திறமையைத் தெளிவாகச் சொல்லலாம். தன் பணி குறைத்து மதிப்பிடப்பட்டால் சான்றுகளுடன் மறுக்கலாம். இவற்றிற்காக எவரும் நாண வேண்டுவதில்லை.

பிராண்ட் என்பதோ இதனின் வேறானது. விண்ணப்பம் கொடுத்தவுடன் விண்ணப்பதாரனின் பேச்சு முடிந்துவிடுகிறது. பிராண்டுக்கு முடிவில்லை, யாரும் கேளாதபோதும் அது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், வணிகக் குறிக்கு மாறாத தோற்றம் வேண்டும். தன்னையே ஒரு குறியாக ஆக்கிக்கொண்டவன் அத்தோற்றத்திற்கு ஒவ்வாதவற்றை மறைக்கத் தொடங்குகிறான். "இஃது எனக்குத் தெரியாது" என்னும் சொல் அவன் வாயில் வருவது அரிதாகிறது. தெரியாது என்று சொல்லாதவன் புதிதாக எதையும் கற்பதில்லை. செருக்கில் தொடங்கியது இவ்வாறு மாயையில், அதாவது வஞ்சனையில், சென்று சேர்கிறது.

இங்கே ஒரு தடை எழலாம். "எனக்காகப் பேச ஒருவரும் இல்லையே! என் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். என்னை நானே அறிமுகப்படுத்திக்கொள்ளாவிட்டால் யார் செய்வார்?" என்று ஓர் இளைஞர் கேட்பாராயின் அது நேர்மையான கேள்வியே. அவருக்கு இரண்டாம் விலக்குப் பொருந்தும். தாம் செய்ததை உள்ளவாறு அவர் சொல்லட்டும். ஆனால் அவர் இவ்வாறு கேட்க நேர்ந்தது யாருடைய குறை?

நன்னூலார் இதற்கும் விடை கூறியிருக்கிறார். நூலாசிரியன் தன்னைப் புகழாவிடின் நூலின் சிறப்பை உலகுக்கு யார் அறிவிப்பது? அவனுடைய ஆசிரியர், அவனோடு கற்றவர், அவனுடைய மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோரே பாயிரம் கூற வேண்டும் என்றும், அஃது அவர்களது கடன் என்றும் அவர் விதிக்கிறார். தற்புகழ்ச்சி கூடாது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டு, பிறர்க்குரிய இக்கடனை மறந்துவிட்டோம். தத்துவார்த்த சூத்திரமும் தற்புகழ்ச்சியை இழிகோத்திர வினைக்குக் காரணமாகக் கூறும் இடத்திலேயே, பிறரது நற்குணங்களை மறைப்பதையும் உடன் சேர்த்துக் கூறுகிறது. பிறர் சிறப்பை அறிந்தும் பேசாதிருத்தல் ஒரு பொருட்டன்று என நாம் எண்ணுவது பிழையே.

ஓர் அலுவலகத்தில் ஆறு பேர் இரவு பகலாக உழைத்து ஒரு பழுதைச் சரிசெய்கின்றனர் என்று கொள்வோம். மறுநாள் ஒருவர் மட்டும் "நான் செய்தேன்" என்று மேலாளருக்கு எழுதுகிறார். மற்ற ஐவரும் முணுமுணுத்துக்கொண்டு அமைதியாகின்றனர். அவர்களுள் ஒருவரேனும், "பழுது இருந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் இன்னார், சரிசெய்தவர்கள் இன்னின்னார்" என்று எழுதியிருப்பின், அவ்வுண்மை எவருடைய தற்புகழ்ச்சியும் இன்றியே வெளிப்பட்டிருக்கும். அவ்வாறு எழுதும் வழக்கமுள்ள இடத்தில் பிராண்ட் என்பதற்குப் பெரிய தேவை ஏற்படாது.

ஆதலின், பிள்ளைகளிடம் "அடக்கமாயிரு" என்று சொல்லும் பெற்றோர், கேட்கப்படும்போது உள்ளதை உள்ளவாறு சொல்லவும் கற்பிக்க வேண்டும். உடன் உழைத்தவரின் பெயரைக் கேளாமலே சொல்லவும் கற்பிக்க வேண்டும். பதவியில் மூத்தவர்களாய் இருப்போர் தமக்குக் கீழ் உழைக்கும் இளையவர்களுக்குப் பாயிரம் கூறும் கடமையை இன்றே மேற்கொள்வார்களாக.